மாஸ்டர், பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க!

கோதுமை சாப்பிடக் கூடாதவர்கள் ஹோட்டலில் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

“இனிமேல் கோதுமை கூடவே கூடாது” என்று டாக்டர் சொன்னால், வட இந்தியாவில் இருக்கிற ஒருவருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கும். நம்ம ஊர்க்காரருக்கு அவ்வளவு பயம் வராது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. பரோட்டாவையும் பூரியையும் விட்டுவிட்டால் முடிந்தது, அவ்வளவுதானே? சொந்தச் சமையல்கட்டில் இது கிட்டத்தட்ட சரிதான். வெளியே சாப்பிட ஆரம்பித்தால்தான் சிக்கல் தெரியும்.

வடமதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி – திண்டுக்கல் சாலையில் இருக்கும் பேரூராட்சி. வேலைக்கும் படிப்புக்கும் திண்டுக்கல் போய்வருகிறவர்கள், பக்கத்து அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு விடியற்காலையிலேயே கிளம்புகிறவர்கள், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் என்று ஒரு வேளையாவது கடையில் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் நிறைய. சின்ன மெஸ், டீக்கடை, பிரியாணிக் கடை, பொழுது சாய்ந்தால் பரோட்டாக் கடை. இப்படிப்பட்ட கடைகளில் கோதுமை சாப்பிடக் கூடாத ஒருவர் எப்படித் தைரியமாகக் கை நனைப்பது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது என்ன நோய்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் ‘குளூட்டன்’ என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிகிறதே, அதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ‘சீலியாக்’ நோய் உள்ளவர்களுக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் உட்பரப்பு தேய்ந்து தட்டையாகிவிடும். வயிற்றுப்போக்கு, உப்புசம், உடல் மெலிவு எல்லாம் வரும். சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் தெரியாது. எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் தீராத ரத்தசோகை மட்டும் இருக்கும். குழந்தைகளாக இருந்தால் வளர்ச்சி தடைபடும்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் (1944–45) அந்த நாட்டில் ரொட்டிக்கே பஞ்சம். ஊரே பட்டினி கிடந்த அந்த நேரத்தில் இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை சிகிச்சை ஒன்றுதான்: ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு.

நம் பக்கம் இது அபூர்வம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தது. நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 சதவீதம் பேருக்குத்தான். பரம்பரை ஜீன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்.

அபூர்வம் என்பதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. நம்ம ஊர் ஹோட்டல் மாஸ்டர் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். “குளூட்டன் ஃப்ரீ இருக்கா?” என்று கேட்டால், அது ஏதோ புது ஐட்டம் என்று நினைத்து “முடிஞ்சுபோச்சு சார்” என்று சொல்லவும் வாய்ப்புண்டு. அவர் மேல் குற்றமில்லை.

உங்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையிலும், எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்கும் குடல் திசுவிலும் நோய் சரியாகத் தெரியும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பரிந்துரைக் கடிதத்தோடு போகலாம்.

இன்னொன்று, ‘கோதுமை அலர்ஜி’ வேறு, சீலியாக் வேறு. அலர்ஜி இருப்பவர்களுக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். மூச்சு திணறினால் யோசிக்க நேரமில்லை, உடனே 108. சீலியாக் அப்படி அவசரமாகத் தாக்காது. மெதுவாக உள்ளுக்குள் அரிக்கும். ஹோட்டலில் எடுக்க வேண்டிய எச்சரிக்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சாம்பாரில் எங்கே கோதுமை?

இனி விஷயத்துக்கு வருவோம். பரோட்டா உங்களை ஏமாற்றாது. அது மைதா என்று ஊருக்கே தெரியும். ஏமாற்றுவது பெருங்காயம்.

சுத்தமான பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அதன் நெடியும் காரமும் தாங்க முடியாது என்பதால் அப்படியே யாரும் சமையலுக்குப் போடுவதில்லை. மாவும் கருவேலம் பிசின் போன்ற பசையும் கலந்துதான் கடைக்கு வருகிறது. ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று இதற்குப் பெயர். இப்படி மாவு கலப்பதை உணவுச் சட்டமே அனுமதிக்கிறது, கலப்படம் இல்லை. அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை அல்லது மைதா. சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன. தூள் மட்டுமில்லை, கட்டிப் பெருங்காயமும் இப்படித்தான்.

ஒரு கரண்டி ரசத்தில் இதனால் வரும் குளூட்டன் மிகச் சிறிய அளவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் சீலியாக் நோயாளிகள் பெரும்பாலானவர்களின் குடல் தாங்கிக்கொள்ளும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் பழுதானது. 50 மில்லிகிராம் என்பது பரோட்டாவில் ஒரு சின்னத் துணுக்கு. காலையில் பொங்கலில், மதியம் சாம்பாரில், ரசத்தில், பொரியலில், சாயங்காலம் வடையில், ராத்திரி இட்லிப் பொடியில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. “நான் கோதுமையே தொடுறதில்ல, ஆனாலும் உடம்பு தேறல” என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடுப்படியில் இருக்கும் அந்தச் சின்ன டப்பாவைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாதுவான சைவச் சாப்பாட்டைவிடத் திண்டுக்கல் பக்கத்து மட்டன் பிரியாணி, பொருட்களை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்களுக்குப் பாதுகாப்பானது. சீரக சம்பா அரிசி, கறி, தயிர், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, மசாலா. பொதுவாகப் பிரியாணிக்குப் பெருங்காயம் போடுவதில்லை. மசாலா கடையிலேயே அரைத்ததா, பாக்கெட்டா என்று கேளுங்கள். தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டும் வழக்கம் அந்தக் கடையில் உண்டா என்றும் கேளுங்கள். கூட வரும் வெங்காயப் பச்சடி சரி. சிக்கன் 65 வேண்டாம், அதில் மைதா சேர்க்கும் கடைகள் அதிகம். பிரெட் அல்வா கூடவே கூடாது.

‘சம்பா’ என்ற சொல்லைப் பார்த்து மட்டும் குழம்பிவிடாதீர்கள். சீரக சம்பா அரிசி, உங்களுக்கு ஆகும். சம்பா கோதுமை, சம்பா ரவை இரண்டும் கோதுமை, ஆகாது. திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது. ‘ரவை’யும் இப்படித்தான். அது தானியத்தின் பெயரே இல்லை, உடைத்த பருமனின் பெயர். அரிசி ரவை, சோள ரவை என்றால் சரி. வெறும் ‘ரவை’ என்றால் கோதுமை. ஆகவே ரவா தோசை, ரவா இட்லி, உப்புமா, கேசரி எல்லாம் போயிற்று. சேமியாப் பாயசமும் அப்படியே. ஜிலேபி மைதா, ஜாங்கிரி உளுந்து. மைசூர்பாகும் லட்டும் கடலை மாவு. ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருப்பதால் வேண்டாம். சில்லி சிக்கன், ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு.

கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை எதிலும் குளூட்டன் இல்லை. கோடையில் தள்ளுவண்டியில் விற்கும் கம்மங்கூழுக்குக் கடிக்க வெங்காயமோ மாங்காயோ வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ‘பல தானிய’ மாவு, ‘மல்ட்டி மில்லட்’ தோசை என்று எழுதியிருந்தால் உள்ளே கோதுமை கலந்திருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். எல்லாத் தானியத்தையும் ஒரே மெஷினில் அரைக்கும் மாவு மில் பிரச்சினையும் இருக்கிறது. கோதுமை அரைத்த கையோடு அடுத்து அரைக்கிற கேழ்வரகில் கோதுமை மாவு ஒட்டிக்கொண்டு வரும்.

கல், எண்ணெய், கரண்டி

பொருள் சரியாக இருந்தாலும் சமைக்கும் இடம் கெடுத்துவிடும். பரோட்டாக் கடையின் பெரிய கல்லைக் கவனித்துப் பாருங்கள். பரோட்டா வெந்து இறங்கும். அதே கல்லில் கொத்துப் பரோட்டா தட்டுவார்கள். ஓரமாக ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி. இன்னொரு ஓரத்தில் சுக்கா வறுவல். “முட்டைதானே, அதில் என்ன?” என்று கேட்டு வாங்கிய ஆம்லெட்டின் அடியில் பரோட்டாத் துணுக்கு ஒட்டியிருக்கும். சூட்டில் கிருமி சாகும், குளூட்டன் சாகாது. எவ்வளவு காய்ந்த கல்லாக இருந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். இந்தக் கல்லில் செய்த எதுவும் உங்களுக்கு வேண்டாம். ஆம்லெட்டுக்குப் பதில் அவித்த முட்டை கேளுங்கள், உங்கள் கையாலேயே உரித்துக்கொள்ளலாம்.

தோசையும் அதே கதைதான். சில மெஸ்களில் காலையில் தோசைக்கும் சப்பாத்திக்கும் ஒரே கல். தோசைக்கென்று தனிக் கல் இருக்கிறதா, அதில் ரவா தோசை ஊற்றுகிறார்களா என்று கேட்க வேண்டும். இட்லி ஆவியில் வேகிறது, கல்லுக்கும் எண்ணெய்க்கும் வேலையில்லை. அதனால் ஹோட்டல் காலை உணவில் என்னுடைய ஓட்டு இட்லிக்கும் தேங்காய்ச் சட்னிக்கும்தான், சட்னித் தாளிப்பில் பெருங்காயம் போடவில்லை என்றால். சாம்பாரையும் பொடியையும் தள்ளி வையுங்கள்.

உளுந்து வடையில் கோதுமை இல்லை என்றாலும், பூரி பொரித்த எண்ணெயில் பொரித்தால் இருக்கிறது. அப்பளமும் அப்படித்தான். கலர் கலரான குடல் அப்பளம், வடக வகைகளில் மாவே கோதுமையாக இருக்கலாம். பஜ்ஜி மாவு கடலை மாவு என்பார்கள், மொறுமொறுப்புக்கு மைதா சேர்க்கும் கடைகளும் உண்டு. மணப்பாறை முறுக்கு அரிசி மாவில் செய்வது. அங்கேயும் பெருங்காயத்தையும் எண்ணெயையும் பற்றிக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பரிமாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்ட கையால் உங்கள் இலையில் சோறு வைக்கக் கூடாது. சால்னா வாளிக் கரண்டி பரோட்டாத் தட்டில் பட்டுவிட்டுத் திரும்ப வாளிக்குள் போகும்; சால்னாவையே தவிர்ப்பது நல்லது. வாழை இலை இருந்தால் கேட்டு வாங்குங்கள், கழுவாத தட்டுத் தொல்லை இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் மாவு போகும். சானிட்டைசர் கிருமிக்குத்தான்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

சர்வர் தம்பியிடம் கேட்டால் “அதெல்லாம் இல்லண்ணே” என்பார். அவருக்குத் தெரிந்தது மெனு, சமையல் இல்லை. மாஸ்டரிடமோ, கல்லாவில் இருக்கும் முதலாளியிடமோ கேளுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்னால், ராத்திரியானால் ஏழு மணிக்கு முன்னால் போங்கள். கூட்ட நேரத்தில் யாராலும் நின்று பதில் சொல்ல முடியாது.

“கோதுமை போடுவீங்களா?” என்ற கேள்வியால் பிரயோஜனம் இல்லை. மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்ற எண்ணமே பலருக்கு வராது. பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கீழே உள்ளதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட, எழுத்தில் காட்டும்போது நின்று படிக்கிறார்கள்.

“மாஸ்டர், வணக்கம். எனக்குக் குடல் நோய் இருக்கு. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி துளி சேர்ந்தாலும் உடம்புக்கு ஆகாது. பெரும்பாலான பெருங்காயத்துலயும் மைதா இருக்கு. அதனால உங்க பெருங்காய டப்பாவையும் மசாலா பாக்கெட்டையும் ஒரு தடவை பார்த்துக்கலாமா? பரோட்டா, சப்பாத்தி போடாத கல்லுல, பூரி பொரிக்காத எண்ணெயில, கழுவின கரண்டியில எனக்கு என்ன செஞ்சு தர முடியும்? முடியாதுன்னா தயங்காமச் சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்.”

கடைசி வரி முக்கியம். “முடியாது” என்று சொல்ல வழி விட்டால்தான் உண்மையான பதில் வரும். இல்லாவிட்டால் வந்த ஆளை அனுப்ப மனமில்லாமல் “ஒண்ணும் பண்ணாதுண்ணே, சாப்பிடுங்க” என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். நம்ம ஊர் உபசாரத்தில் இது ஒரு சங்கடம்தான்.

நெடுஞ்சாலைப் பக்கத்துச் சமையல்கட்டுகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் பேச ஆறு சொற்கள் போதும்: கேஹூ (கோதுமை), ஆட்டா (கோதுமை மாவு), மைதா, சூஜி (ரவை), ஜௌ (பார்லி), ஹீங் (பெருங்காயம்). எல்லாவற்றுக்கும் பின்னால் ‘நஹீ’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைக் காட்டினால் லேபிளைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ‘கன்டெய்ன்ஸ் வீட்’ என்றோ, பொருட்கள் பட்டியலில் ‘வீட் ஃப்ளார்’, ‘ரிஃபைன்டு வீட் ஃப்ளார்’, ‘மைதா’ என்றோ ஆங்கிலத்தில் இருந்தால் வேண்டாம். ‘ரைஸ் ஃப்ளார்’ என்று இருந்தால், கூடவே கோதுமை கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி போகும் மெஸ் என்றால், அரிசி மாவு சேர்த்த பெருங்காய டப்பா ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இருக்காது. மனம் இருக்கும் முதலாளி ஒருவர் கிடைத்தால், உங்கள் மாதம் முழுவதும் நிம்மதி.

சட்டம் எதுவரை வரும்?

பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பாக லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

ஹோட்டல்களுக்கு விதி வேறு. மத்திய உரிமம் பெற்றவை, அல்லது 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ளவை, தங்கள் உணவில் ஒவ்வாமை தரும் பொருள் என்ன இருக்கிறது என்ற விவரத்தை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். 2020-ஆம் ஆண்டின் லேபிளிங் ஒழுங்குமுறையில் வந்த இந்த விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய செயின் ஹோட்டலில் நீங்கள் உரிமையோடு கேட்கலாம். “தெரியாது” என்று கைவிரிக்க அவர்களுக்கு வழியில்லை.

வடமதுரையில் ஒரே ஒரு மெஸ் நடத்தும் அண்ணனுக்கு இந்த விதி பொருந்தாது. கல்யாண வீட்டுக் கேட்டரிங்கிற்கும் விலக்கு உண்டு. நம்மில் பெரும்பாலோர் சாப்பிடுவது இந்த இரண்டு இடங்களில்தான். ஆனால் அந்த மெஸ்ஸுக்குள் வரும் பெருங்காய டப்பாவும் மசாலா பாக்கெட்டும் லேபிள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. “மெனுவைக் காட்டுங்க” என்பதைவிட “டப்பாவைக் காட்டுங்க” என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

கடை சின்னதோ பெரியதோ, 14 இலக்க உணவு உரிமம் அல்லது பதிவு எண் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். பில்லிலும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் நீங்களே சரிபார்க்கலாம்.

பஸ் நிறுத்தம், பந்தி, பள்ளிக்கூடம்

நெடுந்தூர பஸ் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் விசாரணைக்கெல்லாம் நேரம் கிடையாது. அங்கே சமைத்ததைத் தொடாமல் இருப்பதே வழி. சிறுமலைப் பழம், இளநீர், அவித்த முட்டை, தோலோடு வறுத்த கடலை, பாக்கெட் தயிர், பால் எல்லாம் சரி. வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு (பெருங்காயம் இல்லாமல்) கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது குறிப்புப் பெட்டியில் எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம். அது அடுப்படிவரை போகுமா என்று உறுதியில்லை; ஹோட்டலுக்கே போன் போட்டுப் பேசுங்கள்.

கல்யாணப் பந்தியில் ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சொல்வதால் பயனில்லை. இரண்டு நாளைக்கு முன்பே கல்யாண வீட்டில் சொல்லி, சமையல் கான்ட்ராக்டரின் நம்பர் வாங்கிப் பேசிவிடுங்கள். தனியாக எடுத்து வைத்த வெள்ளைச் சோறு, தயிர், பெருங்காயம் போடாத ஒரு பொரியல் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் பந்தியில் உட்காருங்கள். கரண்டிகள் அப்போதுதான் சுத்தமாக இருக்கும். “ஒரு வாய் ஸ்வீட் சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது?” என்று பெரியம்மா கேட்பார். “சுகர்காரங்களுக்கு மருந்து போட்டுச் சமாளிக்கலாம், எனக்கு மருந்தே இல்ல பெரியம்மா” என்றால் புரிந்துகொள்வார்.

குழந்தைக்குச் சீலியாக் இருந்தால் பள்ளியை மறக்காதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி போன்றவை இடம்பெறும். வெண்பொங்கலும் உண்டு, ஆனால் சாம்பாரோடு. டாக்டரின் கடிதத்தைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். எந்த நாளில் என்ன உணவு என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஆகாத நாட்களில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள். சமைக்கும் அக்காவிடமும் ஒரு தடவை நேரில் பேசிவிடுங்கள். பக்கத்துப் பிள்ளை பிஸ்கட் நீட்டினால் வாங்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. ‘பிஸ்கட் சாப்பிட்டா எனக்கு வயிறு வலிக்கும்’ என்ற ஒரே வாக்கியத்தைப் பழக்குங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்?

வாந்தி எடுக்க முயல வேண்டாம். குளூட்டனை முறிக்க மாத்திரை எதுவும் இல்லை. தண்ணீர், மோர், வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல், இரண்டு நாள் கஞ்சி. ஒரு தடவை தவறியதற்காக மிரள வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ, ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து படுத்துவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம்.

எதற்குப் புகார் கொடுக்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். சின்ன மெஸ் சாம்பாரில் மைதா கலந்த பெருங்காயம் இருந்தது என்பது குற்றமில்லை. பாக்கெட்டில் கோதுமை இருந்தும் லேபிளில் சொல்லவில்லை, மெனுவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சடித்துவிட்டுக் கோதுமை கலந்தார்கள், செயின் ஹோட்டலில் ஒவ்வாமை விவரம் தர மறுத்தார்கள், உரிம எண்ணே இல்லாமல் கடை நடத்துகிறார்கள் என்றால் கொடுக்கலாம்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், ஊர், தேதி, நேரம், பில் போட்டோ, லேபிள் இருந்தால் அதன் போட்டோ, 14 இலக்க எண் இவற்றை ஒரே செய்தியாகத் தமிழிலேயே அனுப்பலாம். துறையின் நுகர்வோர் செயலியும் இருக்கிறது. மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரும், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். நஷ்டஈடு கேட்பதாக இருந்தால் அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் வேலை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. ஹோட்டல் சாப்பாடு எதுவும் அதைத் தாண்டாது. வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். எதற்கும் பில்லைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். இலையை மூடுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.